நாற்பது கடையில் வைத்த குரல்

கம்பாலாவில் பைக் டாக்சி ஓட்டுகிறவனிலிருந்து பாதிரியார் வீட்டுச் சமையல்காரி வரை என் கணவரின் குரலை அறியாதவர்கள் கிடையாது. முகம்தான் ஒருவருக்கும் தெரியாது. சீனாக்காரன் பறந்து பறந்து அடித்தாலும், அமெரிக்காக்காரன் ஊரையே சுட்டுப் பொசுக்கினாலும், அந்தப் படத்துக்கு மேல் எங்கள் லுகாண்டா மொழியில் கதை சொல்லிக்கொண்டே போகிற ஆள் அவர். இப்படிப் பேசுகிறவர்களை இங்கே விஜே என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் செபுலிபா. தொழிலில் விஜே மபிரா. மபிரா என்பது ஒரு காடு. இந்த ஆளின் தொண்டைக்குள் காடு இருக்கிறது என்று யாரோ சொல்லப்போக, அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத மனிதர். ஆங்கிலத்தைப் படம் பார்த்தே கற்றார். புரியாத இடம் வந்தால் கவலையே படமாட்டார், சொந்தச் சரக்கை அவிழ்த்துவிடுவார். வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி தளபதிகளோடு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசினால், "மடோக்கே வாழைக்காய் இந்த விலை விக்குதே, நான் எந்த மூஞ்சியோட வீட்டுக்குப் போவேன்?" என்பார். படம் பார்க்கிற கூட்டம் உருண்டு புரளும். அவர் பேச, நான் பக்கத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பதிவு செய்வேன். எங்கள் பிழைப்பு அதுதான்.

எங்களுக்கு இரட்டைப் பெண்கள், பாபிரியே, நகாட்டோ. இரட்டை பெற்றவர்களை எங்கள் பக்கம் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அப்பனைச் சலோங்கோ என்பார்கள், அம்மாவை நலோங்கோ என்பார்கள். ஊரும் அப்படித்தான் கூப்பிடும், நாங்களும் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வோம்.

அவருக்கு இன்னொரு குரல் இருந்தது. அதை ஊர் கேட்டதில்லை. வீட்டு வாசலைத் தாண்டியதும் காடு போய்விடும். தணிந்து, கொஞ்சம் மூக்கால், சொல்லை இழுத்து இழுத்துப் பேசுவார். பிள்ளைகளுக்குக் கால் நகம் வெட்டிவிடும்போது அந்தக் குரல் வரும். என்மேல் கோபம் வந்தாலும் அந்தக் குரல்தான். நான் கல்யாணம் செய்துகொண்டது அதைத்தான், விஜே மபிராவை அல்ல.

முதலில் தொண்டை கரகரத்தது. எல்லோரும் இஞ்சியும் தேனும் சொன்னார்கள். பிறகு விழுங்கினால் வலித்தது. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்றார்கள். கழுத்தில் ஒரு துளை வைப்பார்களாம், மூச்சு அதன் வழியாகப் போகுமாம், பேச்சு இருக்காதாம். என் கணவர் டாக்டரைப் பார்த்து, "படத்தை எடுத்துட்டு சத்தத்தை மட்டும் விட்டுட முடியாதா செபோ?" என்று மரியாதையாகவே கேட்டார். டாக்டர் சிரிக்கவில்லை.

ஆபரேஷனுக்கு நாள் குறித்த பிறகு ஒரு பிற்பகல், மைக்கைத் துடைத்துக்கொண்டே, "நீ வெளிய போ நலோங்கோ. இது படம் இல்ல" என்றார்.

"அப்ப யாரு பட்டன் அமுக்குறது?"

"எனக்கு விரல் இல்லையா? இத்தன வருஷமா நீ அமுக்குறத பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். பெரிய வித்தையா அது?"

"எதுக்குன்னு சொல்லுங்க, போறேன்."

"நான் போனப்புறம் நீயும் பிள்ளைங்களும் கேக்க" என்றார். அதைச் சொன்னதும் அவரே பயந்துவிட்டார். உயிரோடு இருக்கிற மனிதன் தன் சாவைப் பற்றிப் பேசுவது எங்களில் கிடையாது. உயில் எழுதினால்கூட, சாவைக் கையைப் பிடித்து அழைத்து வருகிறான் என்பார்கள். ஆகவே உடனே ஒரு சத்தியமும் வாங்கிக்கொண்டார். "எனக்கு மூச்சு இருக்கிற வரைக்கும் யாரும் இதைக் கேக்கக் கூடாது. நீ கேட்டா, நான் இருக்கும்போதே எனக்குக் குழி வெட்டுறேன்னு அர்த்தம்."

நான் சத்தியம் செய்தேன். அந்த வாரங்களில் தினமும் மதியம் அவர் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். நான் வெளியே உட்கார்ந்து மடோக்கே தோலுரிப்பேன். சுவர் மெல்லிய சுவர். முணுமுணுப்புக் கேட்கும். சில நேரம் சிரிப்பார், சில நேரம் இருமிவிட்டு மறுபடி முதலில் இருந்து தொடங்குவார். ஒரு நாள் என் பெயர் காதில் விழுந்தது. நலோங்கோ அல்ல, என் அப்பா வைத்த பெயர், நபுக்கீரா. நான் எழுந்து போய் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். சத்தியம் சத்தியம்தானே.

பேசி முடித்த பிறகுதான் அதை எங்கே வைப்பது என்ற சண்டை வந்தது. அந்தக் கம்ப்யூட்டரில் விட்டுவைக்க முடியாது. நாங்கள் இருப்பது ப்வைசே பள்ளத்தில். நல்ல மழை பெய்தால் கட்டிலுக்கு அடியில் செருப்பு மிதக்கும். அன்றைக்கு ஹாஜி முலிந்துவா நோயாளியைப் பார்க்க ரொட்டியும் சர்க்கரையும் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். விஜேக்கள் பேசிய படங்களை எல்லாம் வாங்கி ஊர் முழுக்கக் கடைகளுக்குக் கொடுக்கிற மொத்த வியாபாரி அவர். நல்ல மனிதர், அதை இப்போதும் சொல்கிறேன்.

"சின்னதா ஒரு டிஸ்க் வாங்கி முகோனோல என் தங்கச்சி வீட்டுல வச்சிடலாம். மேட்டு வீடு, தண்ணி வராது" என்றேன்.

"உன் தங்கச்சி புருஷன் கையிலயா?" என்றார் என் கணவர். குரல் அப்போதே பாதி காற்றாகிவிட்டிருந்தது. "அவன் அதுல ஃபுட்பால் மேட்ச்ச ஏத்திட்டு, 'யாரோ ஒருத்தன் பொலம்பிக்கிட்டு இருந்தான் சலோங்கோ, தொடச்சுட்டேன்'னு சொல்லுவான்."

"அப்ப நெட்டுல ஏத்துவோம். எங்கயோ வெளிநாட்டுல பத்திரமா இருக்கும்."

"ஏத்தி முடிக்கிறதுக்குள்ள டேட்டா வாங்கியே நாம ஓட்டாண்டி ஆயிடுவோம். அதோட மாசாமாசம் வாடகை கேப்பான். கட்டலேன்னா அழிச்சிடுவான். நான் போன மறுமாசம் நீ முதல்ல நிறுத்துற செலவு அதுவாத்தான் இருக்கும். எனக்கு உன்னத் தெரியாதா?"

"வாயக் கழுவுங்க முதல்ல."

"டிவிடில போட்டா?" என்றார் ஹாஜி.

"நம்ம ஊர் செம்மண் புழுதிக்கா? அதப் போட்டுப் பாக்கிற பெட்டியே இப்ப யார்கிட்ட இருக்கு?" என்று நானே அதை வெட்டிவிட்டேன்.

ஹாஜி தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். "சலோங்கோ, நான் ஒண்ணு கேக்கிறேன். உன் குரல் இத்தன வருஷமா எங்க இருந்துச்சு? என்கிட்டதானே? ஒரு படம், ஒரே ஒரு படம் தொலைஞ்சிருக்கா?"

தொலைந்ததில்லை, அது உண்மைதான். ஹாஜியின் கடையில் ஒரு பெரிய டிஸ்க் உண்டு. அதைத் தாய் என்போம். ஊரில் அவரிடம் படம் எடுக்கிற கடைகள் நாற்பது. ஒவ்வொரு கடைக்காரனும் திங்கட்கிழமை காலையில் தன் டிஸ்க்கைத் துணியில் சுற்றிக்கொண்டு வருவான். தாயில் என்ன இருக்கிறதோ அது அப்படியே பிள்ளையில் ஏறும். தாயில் இல்லாத எதுவும் பிள்ளையில் இருக்கக் கூடாது, கம்ப்யூட்டரே அழித்துவிடும். கடைக்காரர்கள் வேறு வியாபாரிகளின் படத்தைக் கலந்து விற்காமல் இருக்க ஹாஜி செய்த ஏற்பாடு அது. இதற்கு நேர் போடுவது என்று பெயர். ஒரு கடை எரிந்தாலும், ஒரு டிஸ்க்கை எவனாவது திருடினாலும் அடுத்த திங்கட்கிழமை எல்லாம் திரும்ப வந்துவிடும். ஊரில் எங்கள் தொழிலே அந்த நேரின் மேல்தான் நின்றது.

"தாய்ல ஒரு ஃபோல்டர் போட்டு வைக்கிறேன்" என்றார் ஹாஜி. "நாப்பது கடையிலயும் தானா ஏறிடும். ஜனாதிபதிக்குக்கூட நாப்பது வீடு கிடையாது."

"தாய்கிட்ட இல்லேன்னா நாப்பதுலயும் போயிடுமே ஹாஜி" என்றேன்.

"தாய்கிட்ட இல்லாததுதான் போகும். தாய்கிட்ட இருக்கிறத எவன் அழிப்பான்? நான் செத்தாத்தான்."

"கடைக்காரப் பயலுக போட்டுக் கேப்பானுங்களே" என்று என் கணவர் கவலைப்பட்டார். "மபிரா வீட்டுல எப்படி அழுறான்னு பாருன்னு சிரிப்பானுங்க."

"மறைச்சு வச்சிடுறேன். ஃபோல்டர் உள்ள இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. நேர் மட்டும் அதைப் பாத்துக்கும். உனக்கும் எனக்கும் நலோங்கோவுக்கும் தெரிஞ்சாப் போதும்."

என் கணவர் முகத்தில் நோய் வந்ததிலிருந்து காணாத ஒரு சிரிப்பு வந்தது. "நாப்பது கடை, நலோங்கோ! எனக்கு நாப்பது தொண்டை" என்றார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. முகோனோவுக்கும் ஒன்று அனுப்புவோம் என்றதற்கு, ஹாஜி எதிரில் என்னை அவமானப்படுத்தாதே என்று கண்ணைக் காட்டினார். தொழில்காரனை நம்பாமல் இன்னொரு இடத்தில் வைப்பது எங்கள் கூட்டத்தில் பெரிய குற்றம்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் அவர் செய்த முதல் காரியம் என்னைத் திட்ட முயன்றது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். கழுத்துத் துளையிலிருந்து காற்று மட்டும் சீறியது. என் முகத்தைப் பார்த்தார். பிறகு வாயை மூடிக்கொண்டு கண்ணை மேற்கூரைக்குத் திருப்பிவிட்டார். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

பழகினோம். பழகித்தான் ஆக வேண்டும். போனில் எழுதிக் காட்டுங்கள் என்றால் அவருக்குப் பிடிக்காது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடி எடுப்பதற்குள் கோபம் வந்து போனைத் தூக்கி மெத்தையில் போடுவார். உதட்டை அசைப்பார், நான் படிப்பேன். தண்ணீர், மருந்து, உப்பு, வா, போதும். அன்றாடத்துக்கு அது போதுமானதாக இருந்தது. பிள்ளைகள் என்னைவிட வேகமாகப் படித்தார்கள், ஆனால் அவர்களும் நாலு சொல்லுக்கு மேல் போனால் விழிப்பார்கள்.

ஊர் மட்டும் அவர் குரலால் நிரம்பிக் கிடந்தது. டாக்சி ஸ்டாண்டில், முடிவெட்டும் கடையில், சாப்பாட்டுக் கடை டிவியில், எங்கே போனாலும் விஜே மபிரா கத்திக்கொண்டிருந்தார். "அடி அவனை! இவன் உன் மாமியார் காசையே திருடினவன்!" என்று அலறுவார். சுற்றிலும் இருப்பவர்கள் சிரிப்பார்கள். நான் மருந்துப் பையோடு நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு அது யாரோ ஒரு அந்நிய ஆண்பிள்ளையின் குரலாகத்தான் இருந்தது.

அந்த வருஷ மழையில் வாய்க்கால் உடைந்து வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. பிள்ளைகளையும் அவரையும் மேசைமேல் ஏற்றினேன். அவர் கழுத்துத் துளையில் ஒரு சொட்டுத் தண்ணீர் போனாலும் ஆபத்து. பதிவுக் கம்ப்யூட்டர் அப்படியே மூழ்கிப்போனது, சேறு வடிந்த பிறகு அதற்குள்ளிருந்து ஒரு தவளை வெளியே வந்தது. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். அவர் என் தோளைத் தட்டி, நாலு விரலைக் காட்டி, பக்கத்தில் ஒரு பூஜ்யம் போட்டுக் காட்டினார். நாற்பது கடை. இருவரும் சேற்றில் நின்றுகொண்டு சிரித்தோம், அவர் சத்தமில்லாமல், நான் சத்தமாக.

பிறகு காதுக்குக் கீழே கட்டி வந்தது. மறுபடி ஆஸ்பத்திரி. இந்த முறை டாக்டர் எதையும் எடுக்கப்போவதாகச் சொல்லவில்லை. வீட்டுக்கு அழைத்துப் போங்கள், பிடித்ததைச் சமைத்துக் கொடுங்கள் என்றார்.

அந்த வாரம்தான் அவர் என் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, மெதுவாக உதட்டை அசைத்தார். கேட்கலாம் என்றார். நான் புரியாத மாதிரி பார்த்தேன். போனை எடுத்துத் தட்டுத் தடுமாறி எழுதினார்: ஞாயிறு. எல்லாரும் ஒண்ணா கேப்போம். நான் செத்தப்புறம் பிள்ளைங்க சிரிச்சா எனக்கு எப்படித் தெரியும்? அவங்க மூஞ்சிய பாக்கணும்.

சத்தியத்தை அவரே அவிழ்த்துவிட்டார். எனக்கு அழுகையும் வந்தது, வெட்கம் கெட்ட ஒரு சந்தோஷமும் வந்தது. அந்த மூக்குக் குரலை மறுபடி கேட்கப்போகிறேன் என்ற நினைப்பிலேயே அன்றைக்குக் கடலைக் குழம்பு தீய்ந்துபோனது.

மறுநாள் ஹாஜி கடைக்குப் போனேன். ஹாஜி என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "என்ன நலோங்கோ, சலோங்கோவுக்கு ஏதாவது..." என்று இழுத்தார். இல்லை, அந்த ஃபோல்டர் வேண்டும் என்றேன். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த கெவினைப் பார்த்து, மறைந்திருக்கிறதைக் காட்டு என்றார். கெவின் அங்கே ரொம்ப நாளாக வேலை செய்கிற பெண். எங்கள் ஊரில் கெவின் என்பது பெண்பிள்ளைப் பெயர்.

கெவின் ஏதோ அமுக்கினாள். திரையைப் பார்த்தாள். மறுபடி அமுக்கினாள்.

"எதுவும் இல்லையே ஹாஜி."

"நல்லாப் பாரு. மபிரான்னு இருக்கும்."

"மறைச்சு வச்சதே இதுல கிடையாது. இது புது டிஸ்க்தானே. பழைய தாய் நிறைஞ்சுபோச்சுன்னு நீங்க வாங்கிக் கொடுத்தீங்கல்ல? மழைக்கு முன்னால மசாக்காவுக்குச் சாவுக்குப் போயிருந்தீங்களே, அந்த வாரம் நான்தான் எல்லாத்தையும் மாத்தினேன்."

"எல்லாத்தையும்னா?"

"எல்லாத்தையும்தான். கண்ணுக்குத் தெரிஞ்சது எல்லாத்தையும்."

ஹாஜி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணுக்குத் தெரியாததை அவள் எப்படி மாற்றுவாள்? இருக்கிறது என்றே அவளுக்கு யாரும் சொல்லவில்லை. புதுத் தாயில் ஃபோல்டர் இல்லை. அடுத்த திங்கட்கிழமை நாற்பது கடைக்காரர்களும் டிஸ்க்கைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்திருப்பார்கள். நேர் தன் வேலையைச் சுத்தமாகச் செய்திருக்கும். ஒரே காலையில் நாற்பது தொண்டையும் அறுபட்டிருக்கும். எங்களுக்குத் தெரியாமல், நாங்கள் சேற்றில் நின்று சிரிப்பதற்கு முன்பே அது நடந்து முடிந்துவிட்டது.

"பழைய தாய் எங்கடி?" என்று நான் கத்தினேன்.

"தொடச்சு கலெர்வே கடைக்குக் கொடுத்தனுப்பிட்டோம்" என்றாள் கெவின். அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. "நலோங்கோ, ஐயோ பாம்பி, எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. அதுல என்ன இருந்துச்சு?"

அவள் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட வேண்டும் போல இருந்தது. விடவில்லை. அதில் என்ன இருந்தது என்று அவள் கேட்ட கேள்விக்கு எனக்கே பதில் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. ஹாஜியைத் திட்டினேன், வாயில் வந்ததை எல்லாம் திட்டினேன். அவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வா, கலெர்வேக்குப் போவோம்" என்றார்.

கலெர்வே கடைக்காரன் முவோங்கே சோம்பேறிகளின் தலைவன். திங்கட்கிழமை நேருக்கு வராமல் தப்பிப்பதில் பேர்போனவன். போகிற வழியெல்லாம் அந்தச் சோம்பேறித்தனத்தைத்தான் நான் கும்பிட்டுக்கொண்டு போனேன். அவனுடைய சொந்த டிஸ்க்கில் அழியாமல் இருக்கலாம் இல்லையா?

"வாங்க நலோங்கோ! சலோங்கோ படம் இன்னமும் சக்கைப்போடு போடுது" என்று வரவேற்றான். விஷயத்தைச் சொன்னதும் முகம் விழுந்துவிட்டது. "மழைக்கு முன்னாலேருந்து நான் நேருக்கே போகல. போன வாரம்தான் புதுக் கொரியாக்காரன் படம் வந்திருக்குன்னு சொன்னாங்க, ஜனங்க கேட்டு நச்சரிச்சாங்க. போனேன்." தலையைக் குனிந்துகொண்டான். "போன வாரம்தான் நியாபோ, அம்மா."

அவனுக்குக் கொடுத்த பழைய தாயை வாங்கிக்கொண்டு, டவுனில் டிஸ்க் பழுது பார்க்கிற ஒருவரிடம் போனோம். அழித்ததையும் சில நேரம் தோண்டி எடுக்கலாம், ஆனால் அதே இடத்தில் வேறு ஏறியிருந்தால் முடியாது என்று முதலிலேயே சொன்னார். ஹாஜி தலையைப் பிடித்துக்கொண்டார். முவோங்கே அந்த டிஸ்க்கில் விளிம்பு வரை படம் நிரப்பியிருந்தான். மதியம் முழுக்க அந்தக் கடை வாசலில் உட்கார்ந்திருந்தோம். ஹாஜி தொழுகைக்குப் போய் வந்தார். நான் எந்தச் சாமியிடமும் எதுவும் கேட்கவில்லை, கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுமோ என்று பயம்.

கடைசியில் உள்ளே கூப்பிட்டார். "பேர் ஒண்ணு அகப்பட்டிருக்கு நியாபோ" என்றார். திரையில் என் பெயர் இருந்தது. நபுக்கீரா. "பேர்தான் இருக்கு. உள்ள இருக்கிறது அதுதானான்னு சொல்ல முடியாது. போடட்டுமா?"

"போடுங்க."

பட்டனை அமுக்கினார். துப்பாக்கிச் சத்தம் வெடித்தது. அதற்கு மேல் காடு கிழிகிற குரலில் விஜே மபிரா அலறினார்: "ஓடுறான் பாரு, ஓடுறான் பாரு! வாடகை கட்டாத பய எப்பவும் பின்கதவு வழியாத்தான் ஓடுவான்!" அவருடைய சொந்தப் படம். அதுவே அவருடைய பேச்சின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பழுது பார்க்கிறவர் தன்னை மறந்து சிரித்துவிட்டார், பிறகு என்னைப் பார்த்து உடனே நிறுத்திவிட்டார்.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை. சனிக்கிழமை முழுக்கப் பொய்களை யோசித்தேன். கரண்ட் இல்லை என்று சொல்லலாம். டிஸ்க் ரிப்பேர், அடுத்த ஞாயிறு கேட்கலாம் என்று சொல்லலாம். அவருக்கு எத்தனை அடுத்த ஞாயிறு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, அதனாலேயே அந்தப் பொய் வாய்க்கு வரவில்லை.

ஞாயிறு காலையில் அவர் சட்டைக்கு இஸ்திரி போடச் சொன்னார். கழுத்துத் துளையை மறைக்கிற துணியில் வெள்ளையாக ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டார். பிள்ளைகள் சர்ச்சுக்குப் போயிருந்தார்கள். முற்றத்துப் பாயில், வெயிலில், எனக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் அவர் எதிரில் உட்கார்ந்து சொன்னேன். ஹாஜி, கெவின், புது டிஸ்க், மறைத்து வைத்தது, திங்கட்கிழமை எல்லாவற்றையும் சொன்னேன். முவோங்கேயைப் பற்றியும் சொன்னேன். அந்தப் பெயருக்குள் துப்பாக்கிச் சத்தம் கேட்டதை மட்டும் சொல்லவில்லை. அவர் கத்துவார், எதையாவது தூக்கி எறிவார் என்று நினைத்தேன். எறிந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அவர் என் தாடையைப் பிடித்துத் தன் வாய்க்கு நேராக நிறுத்தினார். உதட்டை அசைக்கத் தொடங்கினார்.

முதலில் எனக்குப் புரியவில்லை. தண்ணீர் கேட்கிறார் என்று எழப்போனேன். தோளை அழுத்தி உட்காரவைத்தார். மறுபடி ஆரம்பித்தார். என் பெயர் தெரிந்தது. நபுக்கீரா. அப்போதுதான் விளங்கியது. அந்த அறைக்குள் உட்கார்ந்து பேசினதை அவர் திரும்பச் சொல்கிறார். எனக்கென்று பேசி வைத்ததை, முதலில் இருந்து, முழுதாக.

நான் அவர் வாயையே பார்த்தேன். தண்ணீர், மருந்து, உப்பு ஆகியவற்றைப் படித்துப் பழகின கண் எனக்கு. இது அந்தச் சொற்கள் இல்லை. நடுவில் "மழை" என்ற மாதிரி ஒன்று வந்தது, "உன் அம்மா" என்பது வந்தது, அல்லது அது "உன்னை" என்பதாக இருக்கலாம். கையை ஆட்டினார். ஓரிடத்தில் சிரித்தார். ஓரிடத்தில் கண் கலங்கி, நிறுத்தி, துணிக்கு மேல் கையை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். காற்று துளை வழியாக வந்து போவது மட்டும் கேட்டது. நான் ஆமாம், ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் சிரித்த இடத்தில் நானும் சிரித்தேன்.

அவர் நிறுத்தினார். என்னையே பார்த்தார். நான்கு சொல், மெதுவாக, ஒவ்வொன்றாக அசைத்தார். அது எனக்குத் தெளிவாகப் புரிந்தது. நான் என்ன சொன்னேன், சொல்லு.

"எங்கமேல பிரியமா இருந்தேன்னு சொன்னீங்க" என்றேன்.

இல்லை என்று தலையை ஆட்டினார்.

"பிள்ளைங்கள நல்லாப் படிக்க வைன்னு."

இல்லை.

"நான் அழக் கூடாதுன்னு சொன்னீங்க. வேற வாழ்க்கை அமைச்சுக்கன்னு. ப்வைசேய விட்டுப் போயிடுன்னு. என்னை மன்னிச்சிடுன்னு."

ஒவ்வொன்றுக்கும் அவர் தலை மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. கோபமே இல்லை அதில். எழுதிக் காட்டச் சொல்லிப் போனை நீட்டினேன், தள்ளிவிட்டார், அவருக்குக் களைப்பு வந்துவிட்டது. பாயில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒன்றைச் சொல்லிப் பார்த்தேன். கண்ணைத் திறக்காமலே, அதற்கும் இல்லை என்றார்.